நீங்கா நஞ்சு: குளோரின் கலந்த இரசாயனங்கள் பற்றி ஒரு பாடம்

மண்ணாடிப்பட்டு, வில்லியனூர், பாகூர் ஆகிய கொம்யூன்களில் நெல்லும் கரும்பும் மணிலாவும் பயிரிடும் அங்கத்தினர்களுள் வயது முதிர்ந்த எவரைக் கேட்டாலும், பி.எச்.சி. என்னும் பொடியைத் துணியிற் கட்டி, விடியற்காலையில் பனியீரம் காயுமுன் பயிர்மீது உதறித் தூவியதை நினைவு கூர்வர். அக்காலத்தில் அதனைத் தவறென்று எவரும் கூறவில்லை. அரசாங்கம் பரிந்துரைத்தது, சங்கங்கள் விநியோகித்தன, விளைச்சலும் காப்பாற்றப்பட்டது. இன்றோ அப்பொடி தடை செய்யப்பட்ட பொருள். நேற்று நன்மை எனப்பட்டது இன்று தீமை எனப்படுவது ஏன்? காரணம் தெரியாத அங்கத்தினர் தடையை வெறும் உத்தரவாகக் கருதுவர். அதனை மீற வழியும் தேடுவர். காரணம் அறிந்தவரோ உத்தரவு இன்றியே விலகி நிற்பர். ஆதலின் இத்திங்கட் பாடத்தில் இவ்வகைப் பொருள்களின் இயல்பையும், அவை நிலத்திலும் நீரிலும் காற்றிலும் உடலிலும் நடந்துகொள்ளும் முறையையும், சங்கத்தின் கடமையையும் ஆராய்வோம்.

1. இப்பொருள்கள் எவை?

இவற்றை மூன்று குடும்பங்களாகப் பிரித்துக் கொள்ளலாம்.

முதற் குடும்பம் பூச்சிமருந்துகள். டி.டி.டி. இவற்றுள் தலையாயது. அதன் பூச்சிகொல்லும் ஆற்றலை 1939-இல் சுவிட்சர்லாந்து தேசத்துப் பால் முல்லர் கண்டறிந்தார். அதற்காக 1948-இல் நோபல் பரிசு பெற்றார். நம் நாட்டில் மலேரியாக் கட்டுப்பாட்டுத் திட்டம் 1953-இல் தொடங்கப்பட்டது. டி.டி.டி. தயாரிப்பதற்காக 1954-இல் இந்துஸ்தான் இன்செக்டிசைட்ஸ் என்னும் அரசாங்கக் கம்பெனி ஏற்பட்டது. சுதந்திரம் பெற்ற காலத்தில் ஆண்டுக்கு ஏறக்குறைய 7½ கோடிப் பேரைப் பிடித்து 8 இலட்சம் பேரை மாய்த்து வந்த மலேரியா, 1960-களின் நடுவில் ஓரிலட்சம் பேர் அளவுக்கு ஒடுங்கிற்று. இந்நன்மையை மறைத்துப் பேசுவது நேர்மையாகாது. பி.எச்.சி., ஆல்டிரின், டீல்டிரின், எண்டிரின், ஹெப்டாகுளோர், எண்டோசல்பான் ஆகியனவும் இக்குடும்பத்தைச் சேர்ந்தவையே.

இரண்டாம் குடும்பம் தொழிற்சாலை எண்ணெய்கள். பி.சி.பி. என்று சுருக்கமாக வழங்கும் பொருள் இவற்றுள் முக்கியமானது. இதில் 209 வகைகள் உண்டு. 1929 முதல் அமெரிக்காவிலும் பின்னர்ப் பிற நாடுகளிலும் இது தயாரிக்கப்பட்டது. தீப்பற்றாது, மின்சாரத்தைக் கடத்தாது, சூட்டில் கெடாது என்பதனால் டிரான்ஸ்பார்மர்களிலும் மின்தேக்கிகளிலும் ஊற்றப்பட்டது.

மூன்றாம் குடும்பம் எவரும் வேண்டித் தயாரியாதது. குளோரின் அடங்கிய பொருள்கள் குறைந்த சூட்டிற் புகைந்து எரியும்போது தாமாகவே தோன்றும் டையாக்சின் முதலியன இக்குடும்பத்தின.

2. உப்பிலும் குளோரின் உண்டு அன்றோ?

ஈண்டு ஓர் ஐயம் எழும். நாம் உண்ணும் உப்பிலும் குளோரின் உண்டு. கிணற்றில் இடும் பிளீச்சிங் பவுடரிலும் உண்டு. அவையும் நீங்கா நஞ்சுகளோ எனில், அல்ல. உப்பு நீரிற் கரைந்து பிரிகிறது. உடலினின்றும் எளிதில் வெளியேறுகிறது. பிளீச்சிங் பவுடர் தன் வேலையை முடித்தபின் பெரும்பாலும் உப்பாகவே மாறிவிடுகிறது. நாம் பேசும் பொருள்களிலோ குளோரின் அணுக்கள் கரியணுவோடு இறுகப் பிணைந்துள்ளன. இப்பிணைப்பை உடைக்கக் கூடிய நுண்ணுயிர்கள் மண்ணில் மிகச் சில. வைக்கோலை மக்கச் செய்யும் மண், இவற்றின் முன் பெரும்பாலும் கைகட்டி நிற்கிறது.

இவற்றின் இயல்புகள் நான்கு. எளிதில் சிதையா, நீரில் அரிதாகவே கரையும், கொழுப்பில் நன்கு கரையும், வெயிலில் சிறிது சிறிதாக ஆவியாகிக் காற்றில் ஏறும். ஒரு லிட்டர் நீரில் ஒரு கிராமின் இலட்சத்தில் ஒரு பங்கு டி.டி.டி. கூடக் கரைவதில்லை. இந்நான்கையும் நினைவில் வைத்துக் கொண்டால் மற்றவை தாமே விளங்கும்.

3. வயலில் தூவியது எங்கே போயிற்று?

பி.எச்.சி. தூவிய காணியில் சில மாதங் கழித்து மண்ணைச் சோதித்தால் மிகச் சிறிதளவே எஞ்சியிருக்கும். இதைக் கண்டு, "மருந்து அழிந்துவிட்டது" என்று கருதியோர் பலர். உண்மை வேறு என்பதை நமக்கு அண்மையிலேயே நடந்த ஓர் ஆராய்ச்சி காட்டிற்று.

புதுவைக்குத் தெற்கே, கடலூர் மாவட்டத்தில், வெள்ளாறு கடலொடு கலக்குமிடத்திற் பரங்கிப்பேட்டை உள்ளது. அங்கே அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் ஆராய்ச்சி நிலையம் இயங்குகிறது. அதன் ஆய்வாளர்களும் ஜப்பான் நாட்டு எஹிமே பல்கலைக்கழகத்தாரும் கூடி, 1980-களின் பிற்பகுதியில் வெள்ளாற்றுப் பாசனப் பகுதியின் வயல்மண், ஆற்றுநீர், சேறு, காற்று ஆகியவற்றைப் பலகாலும் எடுத்து அளந்தனர். 1991-இல் வெளியிட்ட கணக்கின்படி, அப்பகுதி வயல்களில் இட்ட பி.எச்.சி.யில் நூற்றுக்கு 99.6 பங்கு காற்றில் ஆவியாகிப் போயிற்று. கழிமுகத்துக்கு நீரோடு சென்றது 0.4 பங்கே. ஆயிரம் கிலோ தூவினால் 996 கிலோ வானேறிற்று. நாலு கிலோ ஆற்றோடு சென்றது.

வெள்ளாற்றங்கரை நிலம் நம் நிலத்தினின்றும் பெரிதும் வேறுபட்டதன்று. அதே ஐப்பசி, கார்த்திகை மழை, அதே சம்பா நெல், அதே வெயில். ஆகவே சங்கராபரணி ஆற்றுப் பாசனத்தில் தூவியதும் ஏறக்குறைய இவ்வழியே சென்றிருத்தல் வேண்டும் என்று கொள்வது பொருந்தும்.

வானேறியது அங்கேயே நிற்பதன்று. வெப்ப நாட்டில் ஆவியாகும், காற்றோடு செல்லும், குளிர்ந்த இடத்தில் படியும், வெயில் வந்தால் மீண்டும் எழும், மேலும் குளிர்ந்த இடத்தில் மீண்டும் படியும். அடுப்பிற் கொதிக்கும் குழம்பின் ஆவி மேலே மூடிய தட்டில் நீராகத் திரள்வது போன்றதே இது. பூமி முழுவதுக்கும் வடதுருவக் கடல் அத்தகைய தட்டாக அமைந்துவிட்டது. பயிரே செய்யாத அவ்வடபுலத்துக் கடல்நீரிலும் சீல் என்னும் கடல்விலங்கின் கொழுப்பிலும் பி.எச்.சி. காணப்பட்டது. கானடாவின் வடபகுதியில் வாழும் இனுயிட் தாய்மாரின் பாலில், தென்பகுதித் தாய்மாரின் பாலில் உள்ளதினும் சுமார் ஐந்து மடங்கு பி.சி.பி. இருந்தது 1980-களில் தெரியவந்தது. அவர்களோ அப்பொருளைத் தயாரித்தவருமல்லர், வாங்கியவருமல்லர்.

பி.எச்.சி. பற்றி இன்னொன்றும் அறியத் தக்கது. அப்பொடி ஒரே பொருளன்று. பல உருவங்களின் கலவை. பூச்சியைக் கொல்வது காமா என்னும் உருவம் மட்டுமே. கலவையில் அது நூற்றுக்குப் பத்து முதல் பதினைந்து பங்கு வரையே. மற்ற எண்பத்தைந்து பங்கு பயனின்றி நிலத்தில் கொட்டப்பட்டது. அவற்றுள் பீட்டா என்னும் உருவமே உடலில் மிக நெடுங்காலம் தங்குவது. பூச்சிக்கு வேண்டாததற்கும் உழவர் பணம் கொடுத்தார்; அதனையே அவர் உடலும் சேமித்து வைத்தது.

4. சிறு துளி பெருநஞ்சு ஆவது எப்படி?

"நீரில் கரையாத பொருள் நீரில் என்ன தீங்கு செய்யும்?" என்று கேட்கலாம். தீங்கு தருவது நீரில் உள்ள அளவன்று. உயிரிலிருந்து உயிருக்கு ஏறும் முறையே.

அமெரிக்க நாட்டுக் கலிபோர்னியாவில் கிளியர் ஏரி என்னும் ஏரி உண்டு. அங்கே கொசுவைப் போன்ற சிறு பூச்சிகளின் தொல்லையை ஒழிக்க, டி.டி.டி.யின் உடன்பிறப்பான ஒரு மருந்தை 1949, 1954, 1957 ஆகிய ஆண்டுகளில் ஏரியிற் கலந்தனர். 1954-இல் கலந்த அளவு ஐந்து கோடிப் பங்கு நீருக்கு ஒரு பங்கு. அஃதாவது பத்து இலட்சத்தில் 0.02 பங்கு. பின்னர் ஆராய்ந்தபோது நீர்ப்பாசியில் பத்து இலட்சத்துக்கு ஐந்து பங்கு இருந்தது. பாசியைத் தின்னும் மீனில் 40 முதல் 300 பங்கு இருந்தது. மீனைத் தின்னும் முக்குளிப்பான் பறவையின் கொழுப்பில் 1,600 பங்கு இருந்தது! நீரில் இருந்ததைக் காட்டிலும் 80 ஆயிரம் மடங்கு. ஆயிரம் சோடிக்கு மேல் இருந்த அப்பறவைகள் 1960-இல் முப்பது சோடி அளவுக்குக் குறைந்தன.

காரணம் எளிது. பாசி நீரிலிருந்து நஞ்சைச் சேர்க்கிறது, வெளியேற்ற இயலவில்லை. மீன் தன் எடையினும் பன்மடங்கு பாசியைத் தின்கிறது. பாசி செரிக்கிறது, நஞ்சு கொழுப்பில் தங்குகிறது. பறவை அத்தகைய மீன்கள் பலவற்றைத் தின்கிறது. வட்டிக்கு வட்டி ஏறும் கடன்போல ஒவ்வொரு படியிலும் நஞ்சு பெருகுகிறது. கடனுக்காவது கெடு உண்டு. இதற்கு அதுவும் இல்லை.

நம் ஊசுடு ஏரியிலும் முக்குளிப்பான் வாழ்கிறது. சங்கராபரணியின் வெள்ளம் சுத்துக்கேணி வாய்க்கால் வழியாக அவ்வேரியை நிரப்புகிறது. 2008-இல் புதுவை அரசு அதனைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. நம் வாய்க்காலில் கழுவும் தெளிப்பான் தொட்டியின் நீர் எங்கே போய்ச் சேரும் என்பதை அங்கத்தினர்கள் ஊகித்துக் கொள்ளலாம்.

மனிதனும் இச்சங்கிலியின் மேற்படியில் இருப்பவனே. பாலும் நெய்யும் மீனும் முட்டையும் கொழுப்புள்ள உணவுகள். தாய் தன் உடலிற் சேர்த்ததைப் பால் வழியே குழந்தைக்கு அளிக்கிறாள். தமிழ்நாட்டுத் தாய்மாரின் பாலிலும் டி.டி.டி., பி.எச்.சி. இரண்டும் அளக்கப்பட்டுள்ளன. இதனால் தாய்ப்பாலை நிறுத்துவது பெருந்தவறு. அதன் நன்மை தீங்கினும் மிகப் பெரிது என்பதே மருத்துவர் முடிவு. நிறுத்த வேண்டியது நஞ்சையே.

5. ஜப்பானியர் கற்ற தவிட்டெண்ணெய்ப் பாடம்

நெல் விளைவிப்போர் அறிய வேண்டிய வரலாறு ஒன்று உண்டு. 1968-இல் ஜப்பானின் மேற்குப் பகுதியில் ஒரு தவிட்டெண்ணெய் ஆலையில், எண்ணெயைச் சூடாக்கும் குழாய்களுக்குள் பி.சி.பி. ஓடிக் கொண்டிருந்தது. குழாயிற் கசிவு ஏற்பட்டு அது எண்ணெயிற் கலந்தது. அவ்வாண்டின் தொடக்கத்தில், அவ்வாலையின் கழிவெண்ணெய் கலந்த தீவனத்தைத் தின்ற கோழிகள் இலட்சக்கணக்கில் மாண்டன. அவ்வெச்சரிக்கை மனிதர் உண்ணும் எண்ணெயை நிறுத்தவில்லை. சில திங்கள் சென்றபின் மக்களின் முகத்திலும் உடலிலும் கட்டிகள் எழுந்தன, நகங்கள் கறுத்தன, கண்ணிமை வீங்கியது, தோல் கறுத்த குழந்தைகள் பிறந்தன. நோயாளிகளென அரசாங்கத்தால் ஏற்கப்பட்டோர் 2,000 பேருக்கு மேல். 1979-இல் தைவானிலும் இதே வகையில் தவிட்டெண்ணெயால் கேடு விளைந்தது.

இதனால் அறிய வேண்டியவை இரண்டு. கால்நடைக்கும் கோழிக்கும் காரணமின்றி நேரும் சாவு மனிதனுக்கு முன்னறிவிப்பு; அதனை அற்பமென விடலாகாது. மற்றொன்று, இந்தியாவில் 2016-இல் பிறப்பித்த ஆணைப்படி பி.சி.பி.யின் தயாரிப்பும் இறக்குமதியும் தடைப்பட்டன. அதன் உபயோகம் முற்றும் ஒழிய 31-12-2025 கெடுவாக வைக்கப்பட்டது. எனினும் பழைய டிரான்ஸ்பார்மர் எண்ணெய் எதில் என்ன உள்ளது என்பதைக் கண்ணாற் பார்த்துச் சொல்ல இயலாது. அதனைத் தறிக்கட்டைக்குக் கறையான் மருந்தாகப் பூசுவதும், மூட்டுவலிக்குத் தேய்ப்பதும், மாட்டுப் புண்ணுக்கு இடுவதும் கூடவே கூடாது.

6. நெசவாள அங்கத்தினர்களுக்கு

இது உழவர் பாடம் மட்டும் என்று நெசவாளர் கருதலாகாது. பாவுக்கு இடும் கஞ்சி சில நாளில் பூஞ்சணம் பிடிக்கும். பெரிய ஆலைகளில் கஞ்சியும் துணியும் பல வாரம் கெடாதிருக்கப் பென்டாகுளோரோபீனால் என்னும் மருந்து கலக்கப்பட்டு வந்தது. தோல் பதனிடுவோரும் அதனையே கையாண்டனர். அதுவும் குளோரின் குடும்பமே. அதன் தயாரிப்பின்போது டையாக்சினும் சிறிதளவு உடன் தோன்றுவதுண்டு.

1989-இல் ஜெர்மனி அதனைத் தடை செய்து, ஒரு கிலோ பண்டத்தில் 5 மில்லிகிராமுக்கு மேல் இருக்கலாகாது என விதித்தது. நம் நாட்டுத் தோல், துணி ஏற்றுமதியாளர் அதன் பின் மருந்தை மாற்ற நேர்ந்தது. 2015-இல் உலக உடன்படிக்கையிலும் அது சேர்க்கப்பட்டது. அன்றன்று காய்ச்சிய அரிசிக் கஞ்சியை அன்றே பாவுக்கு இடும் கைத்தறியாளருக்கு இம்மருந்தின் தேவையே எழுவதில்லை. "கெடாத கஞ்சி" என்று எவரேனும் பெயர்ச்சீட்டில்லாத தூளைக் கொணர்ந்தால், அதில் உள்ளது யாதென எழுத்தில் கேட்டுப் பெறுதல் சங்கத்தின் கடமை.

7. சட்டம் கூறுவது

1968-ஆம் ஆண்டுப் பூச்சிமருந்துச் சட்டத்தின் கீழ் இத்தடைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. டி.டி.டி. 1989-இல் வேளாண்மையினின்றும் விலக்கப்பட்டுச் சுகாதாரத் துறைக்கு மட்டும் ஒதுக்கப்பட்டது. எண்டிரின் 1990-இலும், ஆல்டிரினும் ஹெப்டாகுளோரும் 1996-இலும், பி.எச்.சி. 1997-இலும் தடை செய்யப்பட்டன. 2001-இல் ஸ்டாக்ஹோம் நகரில் 12 பொருள்களை ஒழிக்க உலக நாடுகள் உடன்படிக்கை செய்தன. 2004-இல் அது நடைமுறைக்கு வந்தது. 2006-இல் இந்தியா அதனை ஏற்றது.

எண்டோசல்பானின் வரலாறு துயரமானது. கேரளத்துக் காசர்கோடு மாவட்டத்தில் அரசாங்க முந்திரித் தோட்டங்கள் மீது 1970-களின் பிற்பகுதி முதல் 2000 வரை அம்மருந்து விமானத்தால் தெளிக்கப்பட்டது. மலைச்சரிவிலே தோட்டம், அதன் கீழே ஊரும் சுனையும். அவ்வூர்களில் உடற்குறையும் மூளை வளர்ச்சிக் குறையும் உள்ள குழந்தைகள் மிகுதியாய்க் காணப்பட்டனர். நெடிய வழக்காடலின் பின், 13-5-2011 அன்று உச்சநீதிமன்றம் நாடெங்கும் அதன் தயாரிப்பையும் விற்பனையையும் உபயோகத்தையும் நிறுத்தியது. 2017-இல் பாதிக்கப்பட்டோர் ஒவ்வொருவருக்கும் 5 இலட்சம் ரூபாய் வழங்குமாறு கேரள அரசுக்கு உத்தரவிட்டது. அத்தொகையும் இழந்த நலத்தை மீட்டுத் தராது.

"மருந்தின்றிப் பூச்சியை வெல்ல முடியுமோ?" எனின், நம் புதுவையே ஒரு சான்று. 1975-இல் இங்கு நிறுவிய நோய்க்கடத்திகள் ஆராய்ச்சி மையம், 1981 முதல் 1985 வரை, யானைக்கால் நோயைப் பரப்பும் கொசுவை அடக்க ஒரு திட்டம் நடத்திற்று. மருந்தை மட்டும் நம்பாது, கொசு பிறக்கும் நீர்த்தேக்கங்களை அடைத்தும் துப்புரவு செய்தும் மீன் விட்டும் கொசுவைக் குறைத்தனர். அந்நெறி வயலுக்கும் பொருந்தும்.

8. சங்கம் செய்ய வேண்டுவன

(அ) பண்டகசாலையின் மூலைகளையும் பரணையும் சோதித்து, பெயர்ச்சீட்டு அழிந்ததும், காலங் கடந்ததும், தடைப்பட்டதுமான மருந்துகளைத் தனியே பிரித்து, "விற்பனைக்கன்று" எனக் குறித்துப் பூட்டி வைக்க வேண்டும்.

(ஆ) பழைய சரக்கைக் குறைந்த விலைக்காவது தள்ளிவிட்டால் நட்டம் தோன்றாது என்று சில நிர்வாகிகள் எண்ணுவதை இருப்புச் சரிபார்க்குங்கால் நாம் கண்டதுண்டு. அது நட்டத்தை அங்கத்தினரின் நிலத்துக்கும் உடலுக்கும் மாற்றி எழுதுவதே ஆகும். நிர்வாகக் குழு தீர்மானம் இயற்றி, முறைப்படி நட்டக்கணக்கில் எழுதுவதே நேர்வழி.

(இ) அச்சரக்கைப் புதைத்தலும், எரித்தலும், பாழ்ங்கிணற்றில் எறிதலும் ஆகா. வேளாண்மைத் துறைக்கும் மாசு கட்டுப்பாட்டுக் குழுமத்துக்கும் எழுத்து மூலம் தெரிவித்து, அவர்கள் கூறும் வழியில் ஒப்படைக்க வேண்டும்.

(ஈ) மருந்து டப்பாவில் குடிநீரோ பாலோ கஞ்சியோ வைத்தல் கூடாது. காலி டப்பாவை மும்முறை அலசி, அந்நீரைத் தெளிப்பான் தொட்டியிலேயே ஊற்றி, டப்பாவைத் துளையிட்டுவிட வேண்டும்.

(உ) பிளாஸ்டிக் குழாய், ரெக்சின், பழைய மின்கம்பி உறை ஆகியவற்றைக் கொளுத்தலாகாது. சென்னைப் பெருங்குடிக் குப்பைமேட்டின் மண்ணிலும், அங்கு மேய்ந்த மாடுகளின் பாலிலும் டையாக்சின் இருந்ததை ஆய்வாளர் அளந்துள்ளனர்.

(ஊ) மருந்து வாங்குவோர் ரசீது பெற வேண்டும். பெயர்ச்சீட்டில் தம் பயிர் குறிக்கப்பட்டுள்ளதா எனப் பார்க்க வேண்டும். முதலில் விளக்குப்பொறி, பறவை அமரும் கொம்பு, வேப்பங்கொட்டைக் கரைசல் ஆகியவற்றைக் கையாண்டு, பூச்சி மிகுந்தாலன்றி மருந்தை நாடாதிருப்பது செலவுக்கும் நலம்.

கல்விக் கூட்டத்துக்கான வினாக்கள்

1. உப்பிலுள்ள குளோரினுக்கும் டி.டி.டி.யிலுள்ள குளோரினுக்கும் வேறுபாடு யாது?

2. வெள்ளாற்று ஆராய்ச்சியின்படி, 500 கிலோ பி.எச்.சி. இட்டால் காற்றிற் செல்வது எவ்வளவு? ஆற்றிற் செல்வது எவ்வளவு?

3. நீரில் மிகக் குறைவாக உள்ள நஞ்சு பறவையின் கொழுப்பில் பெருகுவது எங்ஙனம்?

4. நம் சங்கப் பண்டகசாலையில் தனியே பிரிக்க வேண்டிய சரக்கு உண்டா? அதன் மதிப்பு என்ன? அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்தில் அதைப் பற்றி இயற்ற வேண்டிய தீர்மானம் யாது?

நான்காம் வினாவுக்கு விடை இப்பாடத்தில் இல்லை; ஒவ்வொரு சங்கத்தின் பண்டகசாலையிலேயே உள்ளது. அதனை வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன் கண்டறிந்து எழுதிவிடுதல் நலம். நனைந்து உடைந்த மூட்டையினின்றும் வழிந்தோடும் நீரைத் திரும்ப அள்ளுதல் எந்தச் சங்கத்தாலும் இயலாத காரியம்.